யூர்கனும் வடமாலபேட்டை பஜ்ஜியும்

கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஏதாவது ஓடாமல் நின்றுவிட்டால், என்ன ஆச்சு என்று பார்ப்பதற்கு முன்னால் யார் செய்தது என்று பார்ப்போம். அது நிச்சயம் நாமாக இருக்காது. எனக்கு அந்த வயதில் இந்தப் பழக்கம் மற்றவர்களைவிடக் கொஞ்சம் முற்றிப்போயிருந்தது. அதனால்தான் ஜெர்மனியில் இருந்த ஒரு நல்ல மனுஷனை, முகத்தைக்கூடப் பார்க்காமல், உலகறியத் திட்டினேன். அதற்குக் கிடைத்த தண்டனையையும் உலகமே கேட்டது. (‘கேட்டது’ என்பது சரியான சொல்தான். காதால் கேட்டது.)

அப்போது நான் குடிபாலாவில் இருந்து தினமும் பஸ்ஸில் சித்தூருக்குப் போய், ஒரு தனியார் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். திருப்பதியில் என்னோடு எம்சிஏ படித்தவர்களில் பாதிப் பேர் பெங்களூருக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேர் நேராக அமெரிக்காவுக்கே போய்விட்டார்கள். நான் மட்டும் மாணவர்கள் கழற்றிக் கொண்டுபோகும் மவுஸ் உருண்டைகளைத் தேடிக்கொண்டு லேபிலேயே இருந்தேன். எங்கள் கிராமத்துக்கு பிராட்பேண்ட் வந்ததும் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. நான் போகாவிட்டால் என்ன, என் பெயர் போகட்டும்.

யாருக்கும் சொந்தமில்லாத இயங்குதளங்கள் சில உண்டு. உலகம் முழுக்க இருக்கும் ஆர்வலர்கள் கூலி வாங்காமல் ஆளுக்கொரு துண்டாக எழுதுவார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாம். அப்படி ஒன்றில் போய்ச் சேர்ந்துகொண்டேன். அங்கே பேர் வாங்கினால் ஏதாவது வெளிநாட்டுக் கம்பெனி கூப்பிடும் என்று கணக்கு. நைனாவுக்கு (அப்பாவை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்) இதை விளக்க முயன்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்போ வெள்ளைக்காரனுக்கு ஓசில பொட்டி ரிப்பேர் பண்ற,” என்றார். நைனா குத்தகைக்கு மாந்தோப்பு எடுத்துப் பாடுபட்டு என்னைப் படிக்க வைத்தவர். அவர் சுருக்கமாகச் சொன்னால் அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

அந்தக் கூட்டத்தில் எனக்கு ஒரு தனி மரியாதை இருந்தது. காரணம் என் அறிவு அல்ல, என் சவுண்ட் கார்டு. சித்தூர்க் கடையில் இருந்ததை வைத்து ஒட்டித் தைத்த கம்ப்யூட்டர் என்னுடையது. அதற்குள் இருந்த சவுண்ட் கார்டு போல இன்னொன்று அந்தத் திட்டத்தில் வேறு யாரிடமும் இல்லை. ஆகவே அது சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்க ஒரே இடம் குடிபாலா.

சோதனை தானாகவே நடக்கும். காலை, மதியம், சாயங்காலம் என்று கம்ப்யூட்டர் தன்னையே சோதித்துக்கொள்ளும். ஸ்பீக்கரில் ஒரு சத்தம் எழுப்பி, அதைத் தன் மைக்கிலேயே கேட்டு, எழுப்பியதும் கேட்டதும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்கும். சரியாக இருந்தால் திட்டத்தின் பொதுப் பக்கத்தில் என் பெயருக்கு எதிரே பச்சை விளக்கு. இல்லாவிட்டால் சிவப்பு. சிவப்பு விழுந்தால், மைக்கில் பதிவான சத்தத்தையும் எல்லோரும் கேட்கும்படி அங்கேயே ஏற்றிவிடும். எங்கே கோளாறு என்று மற்றவர்கள் கேட்டுப் பார்க்க வசதி. இந்தக் கடைசி வசதியை யோசித்து எழுதிச் சேர்த்தவன் நான்தான். திட்டத்துக்கு நான் செய்த முதல் பெரிய பங்களிப்பு அது. பாராட்டி எழுதியவர் யூர்கன்.

யூர்கன் ஜெர்மனிக்காரர். ஒலி சம்பந்தப்பட்ட பகுதி முழுக்க அவர் பொறுப்பு. கடிதத்தில் ஒரு கமாகூட இடம் தவறாது.

இந்த நிலவரத்தில் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். வடமாலபேட்டையில் பெண் வீடு. பெயர் ஹேமலதா. சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. அவளுடைய அப்பா வாசலிலேயே பேச ஆரம்பித்துவிட்டார். புத்தூர் பக்கம் போர் போட்டால் எத்தனை அடியில் தண்ணி வரும் என்பதில் தொடங்கி, தெலுங்கு மீடியத்தில் படித்த பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத வராதது வரைக்கும், மூச்சு விடாமல் பேசினார். பஜ்ஜி வந்தது, காபி வந்தது, நாங்கள் வந்த வழியே திரும்பிப் போகும் பஸ் வந்து போனது. அவர் பேசிக்கொண்டிருந்தார்.

நடுவில் எங்கள் இருவருக்கும் கொல்லைப்பக்கம் போய்ப் பேச அனுமதி கிடைத்தது.

“கம்பெனில நீங்க இன்னா வேலை பண்றீங்க?” என்று கேட்டேன்.

“டெஸ்டிங். மத்தவங்க எழுதுறதுல தப்பு கண்டுபிடிக்கிறது.”

“நம்ம எழுதுறதுல கண்டுபிடிக்கிறது கொஞ்சம் கஷ்டம்,” என்றேன். (இதைச் சொல்லும்போது மீசையைத் தடவினேன் என்று ஹேமா இன்றைக்கும் சொல்கிறாள். மீசையே அப்போது சரியாக இல்லை.) அதோடு நிறுத்தினேனா? திட்டத்தின் பெயரைச் சொல்லி, “இன்டர்நெட்ல போயி என் பேரைப் போட்டுப் பாருங்க. எல்லாம் வரும்,” என்றேன்.

எல்லாம் வந்தது.

நாங்கள் வடமாலபேட்டை போய் வந்த அதே வாரம் என் கம்ப்யூட்டர் சிவப்பு காட்ட ஆரம்பித்தது. ஒரு வேளை பச்சை, இரண்டு வேளை சிவப்பு. என்ன மாறியது என்று பார்த்தேன். மாறியது ஒன்றே ஒன்றுதான். யூர்கன் பல மாதம் உழைத்து ஒலிப் பகுதியைத் திருத்தி எழுதியிருந்தார். சோதனைச் சத்தத்தையும் மாற்றியிருந்தார். முன்பு நீளமாக ‘கீ’ என்று இழுக்கும். இப்போது ‘ட்ச் ட்ச் ட்ச்’ என்று குட்டிக் குட்டியாக மூன்று சத்தம். அப்படியானால் குற்றவாளி யார்? இதற்கு மேல் யோசிக்க வேண்டுமா?

பொதுக் கடிதக் குழுவில் எழுதினேன். திட்டத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் அது போகும். ‘திரு யூர்கனின் மாற்றம் அடிப்படையிலேயே கோளாறானது. இந்தியா போன்ற நாடுகளில் உள்ள எளிய கருவிகளைப் பற்றி அவருக்கு அக்கறை இல்லை என்று தோன்றுகிறது’ என்று ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினேன். அகராதி பார்த்து இரண்டு கடினமான சொற்களையும் சேர்த்தேன்.

யூர்கன் பணிவாகப் பதில் எழுதினார். ‘தங்கள் பதிவுகளைத் தாங்கள் கேட்டுப் பார்த்தீர்களா?’

நான் கேட்கவில்லை. எங்கள் பிராட்பேண்டில் ஒரு பதிவைத் திரும்ப இறக்குவதற்குள் ஒரு மாமாங்கம் ஆகும். அதோடு, எண்களைப் பார்த்தே எல்லாம் சொல்லிவிடலாம் என்கிற திமிர். ‘கேட்க வேண்டிய அவசியமில்லை. எண்கள் தெளிவாக உள்ளன’ என்று எழுதினேன். புதிய பதிப்பு வெளிவருவது என் கம்ப்யூட்டருக்காக நின்றது. யூர்கனின் மாற்றத்தை முழுக்கத் தூக்கிவிடலாமா என்று மற்றவர்கள் பேச ஆரம்பித்தார்கள். குடிபாலாவில் உட்கார்ந்துகொண்டு ஜெர்மனியை ஆட்டி வைக்கிறோம் என்று எனக்குப் பெருமையில் சோறு இறங்கவில்லை.

இந்தச் சமயத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கம்ப்யூட்டர் இருந்தது கூடத்தில். மேஜை மேல் மைக். மேஜையில் இடம் போதாததால் ஸ்பீக்கரை மேலே, டியூப் லைட்டுக்குப் பக்கத்துப் பலகையில் வைத்திருந்தேன். நல்ல கோடை. கரண்ட் இருந்தால்தான் கம்ப்யூட்டர் ஓடும். கரண்ட் இருந்தால்தான் ஃபேனும் ஓடும். ஆகவே எப்போதெல்லாம் சோதனை நடந்ததோ, அப்போதெல்லாம் அம்மாவும் நைனாவும் ஃபேனுக்குக் கீழே, மேஜையை ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். பேசுவதற்குப் புது விஷயமும் இருந்தது. வடமாலபேட்டை.

அம்மா ஏதோ சொல்வார். மேலே டியூப் லைட் பக்கத்தில் இருந்து ‘ட்ச் ட்ச் ட்ச்’ என்று கேட்கும். டியூப் லைட் பக்கத்தில் இருந்து அப்படிக் கேட்டால் நம் ஊரில் அது என்ன? பல்லி. ஒருவர் பேசும்போது பல்லி சொன்னால் பேசியது சத்தியம். அம்மா உடனே பக்கத்தில் இருந்த மேஜையில் விரலை மடக்கித் தட்டி, “கிருஷ்ணா, கிருஷ்ணா,” என்பார். மேஜை மேல் மைக். மைக்குக்குள் இடி. சிவப்பு விளக்கு. பதிவு நேராகப் பொதுப் பக்கத்துக்கு.

அதாவது, அம்மா பேசியதில் பல்லி சாட்சி சொன்ன பகுதிகள் மட்டும் பொறுக்கி எடுக்கப்பட்டு உலகத்தின் பார்வைக்கு வைக்கப்பட்டன. அந்த ஏற்பாட்டைச் செய்தவன் நான்.

ஒரு நாள் காலை கல்லூரியில் கடிதக் குழுவைத் திறந்தேன். யூர்கன் எழுதியிருந்தார். ‘நான் எல்லாப் பதிவுகளையும் கேட்டேன். ஒரு பெண்மணி பேசுகிறார். நம் சத்தம் வந்தவுடன் யாரோ எதையோ தட்டுகிறார்கள். தட்டுவதற்கும் பேச்சுக்கும் தொடர்பு உண்டா? இந்த மொழி தெரிந்தவர் யாராவது உதவ முடியுமா?’

அதற்குக் கீழே பதில் வந்திருந்தது. எழுதியவர் பெயரைப் பார்த்ததும் என் கை மவுஸை விட்டுவிட்டது. ஹேமலதா, வடமாலபேட்டை.

அவள் எழுதியது இவ்வளவுதான். ‘இது சித்தூர்ப் பக்கத்துத் தமிழ். எங்கள் நாட்டில், பேசும்போது பல்லி சத்தமிட்டால் பேசியது உண்மை என்று நம்பிக்கை. அதை ஆமோதித்து விரலால் தட்டுவார்கள். இந்த அம்மா உங்கள் சோதனைச் சத்தத்தைப் பல்லி என்று எடுத்துக்கொண்டு மேஜையைத் தட்டுகிறார். மைக் அதே மேஜையில் இருக்க வேண்டும். திரு யூர்கன் எழுதியதில் பிழை இல்லை. பேச்சின் சுருக்கம்: ஒரு வீட்டில் கொடுத்த பஜ்ஜியில் எண்ணெய் அதிகம், அந்த வீட்டுக்காரர் பேச ஆரம்பித்தால் பஸ் போய்விடும். பின்குறிப்பு: அது எங்கள் வீடு.’

இதற்குப் பிறகு கடிதங்கள் குவிந்திருந்தன. பிரேசில்காரர் ஒருவர் பஜ்ஜி என்றால் என்ன என்று கேட்டிருந்தார். யாரோ செய்முறை அனுப்பியிருந்தார். பல்லி எந்த வகை என்று ஒருவருக்குச் சந்தேகம். என்னைப் பற்றி யாரும் ஒன்றும் எழுதவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

லேபை விட்டு வெளியே வந்து, சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்று ஹேமாவுக்கு போன் செய்தேன்.

“நான் முனிரத்தினம் பேசறேன்.”

“தெரியுது. குரல் நல்லா பழக்கமாயிடுச்சு.”

“எங்க அம்மா ஏதோ வெளையாட்டா...”

“அவங்க சொன்னதுல தப்பு இல்லீங்க. அன்னிக்கு எண்ணெய் சரியா காயல. உங்க அம்மா இன்னொண்ணு கூட சொன்னாங்க, கேட்டீங்களா? ‘நம்ம புள்ளைக்கு சமத்து பத்தாது, அந்தப் பொண்ணு கைல இருந்தாத்தான் பொழைப்பான்’னு. அதுக்கும் பல்லி சொல்லிச்சு.”

நான் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன்.

“ஒண்ணே ஒண்ணு மட்டும் அம்மா இல்ல,” என்றாள். “அது உங்க குரலு.”

அவளுக்கு முதல் முறை போன் செய்வதற்கு முன்னால், ஒரு காலையில் வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்துக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்திருந்தேன். கண்ணாடி இருந்ததும் கூடத்தில்தான்.

அவள் என்னைப் போலவே கனத்த குரலில் சொன்னாள். “‘ஹேமா, நான் ஒரு முடிவு எடுத்தா எடுத்ததுதான்.’ அப்புறம் மேஜைல டமார்னு ஒரு குத்து. அப்புறம் அம்மா குரலு, ‘டேய், பால் பொங்குது பாரு.’ அப்புறம் நீங்க, ‘தோ வந்துட்டேம்மா.’”

“அதை எத்தினி பேர் கேட்டாங்க?”

“ஆபீஸ்ல எங்க டீம் மட்டும்தான்,” என்றாள். “தெலுங்குக்காரங்களுக்கு நான் அர்த்தம் சொன்னேன்.” பிறகு, “ஞாயித்துக்கெழமை வூட்ல கேட்டு சிரிச்சுக்கினு இருந்தப்போ எங்க நைனா வந்துட்டாரு. பஸ்ஸு விஷயத்தை அவரும் கேட்டுட்டாரு. அன்னிலேந்து யார்கிட்டயும் பேசறதே இல்ல,” என்றாள். இதைச் சொல்லும்போது அவள் குரலில் சிரிப்பு இல்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நைனா கயிற்றுக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

“ஒலகத்துக்கே கேட்டுச்சா?”

“ஆமா நைனா.”

“அமெரிக்காவுக்கு?”

“ஆமா.”

“உங்க அம்மா குரலு கல்யாணத்துக்கு முந்தியே அப்பிடித்தான். நல்லா தூரம் போவும்,” என்றார்.

அம்மா முதலில், “நான் இன்னா பொய்யா சொன்னேன், பல்லியே சொல்லுச்சு,” என்றார். அது பல்லி இல்லை, பொட்டி என்று காட்டினேன். ‘ட்ச் ட்ச் ட்ச்’. அம்மா ஸ்பீக்கரைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய்விட்டார். அன்றைக்குக் குழம்பில் உப்பே இல்லை. யாரும் கேட்கவில்லை.

மறுநாள் பெண்ணின் அப்பாவிடம் இருந்து தகவல் வந்தது. நேரில் பார்க்க வேண்டும், திருப்பதிக்கு வாருங்கள் என்று. அவர் வீட்டுக்கும் கூப்பிடவில்லை, எங்கள் வீட்டுக்கும் வரவில்லை. பொது இடமாகக் கூப்பிட்டால் முறித்துக்கொள்ளத்தான் என்று நைனா சொன்னார். அம்மா பஸ்ஸில் காணிப்பாக்கத்துப் பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டே வந்தார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டல். ஹேமாவும் அவள் அப்பாவும் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர் எழுந்து கும்பிட்டார். வாயைத் திறக்கவில்லை. நைனா மழையைப் பற்றிக் கேட்டார். அவர் தலையை ஆட்டினார். நைனா மாங்காய் விலையைப் பற்றிச் சொன்னார். அதற்கும் தலையாட்டல். சர்வர் வந்து, “ஏம் காவால சார்?” என்று தெலுங்கில் என்ன வேண்டும் எனக் கேட்டபோது சுவரில் இருந்த பலகையில் விரலால் தொட்டுக் காட்டினார். வந்தது பஜ்ஜி.

அவர் பேசாமல் இருந்தது எனக்குக் கேலியாகப் படவில்லை. அவர் மீசை லேசாக நடுங்கியது. நிஜமாகவே மனசு நொந்திருந்தார். அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு பஜ்ஜியை எடுத்துப் பாதி கடித்தார். மென்றார். கீழே வைத்தார்.

“அண்ணா,” என்று அவரைப் பார்த்துச் சொன்னார். “இதுக்கு உங்க வூட்டு பஜ்ஜி எவ்வளவோ மேலு. வாயி இருக்குதேன்னு பேசிட்டேன். நாங்க ரெண்டு பேரு மூஞ்சிய மூஞ்சி பாத்துக்கினு குந்தினு இருக்கிற வூடு எங்க வூடு. இவன் எப்பவும் பொட்டிகிட்ட. அன்னிக்கு நீங்க பேசினப்போ எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு. பஸ்ஸு போனதும் நெசம். ஆனா நான் ஒண்ணும் எழுந்துக்கலியே.”

அவர் கொஞ்ச நேரம் டம்ளரையே உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைக் கனைத்தார்.

“பஸ்ஸு எத்தினி மணிக்கு சம்மந்தி?” என்று நைனாவைக் கேட்டார்.

“நாலரைக்கு ஒண்ணு கீது.”

“நேரம் கீது. இந்த எண்ணெய் விஷயத்தை சொல்லிடறேன். புத்தூர்ல ஒரு செக்கு...”

நாலரை பஸ் போனது. அடுத்ததும் போனது. செக்கில் ஆரம்பித்துக் கடலைப் பயிர், கடலைப் பயிரில் இருந்து அவருடைய மாமனார், மாமனாரிடம் இருந்து கல்யாண மண்டபம், அங்கிருந்து தேதி என்று போய்க்கொண்டே இருந்தது. யார் எப்போது சம்மதித்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இருட்டும் வேளைக்கு எங்களை பஸ் ஏற்றிவிட்டபோது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஜன்னல் வழியாகக்கூட அவர் பேசிக்கொண்டிருந்தார். பஸ் நகர்ந்த பிறகும் உதடு அசைவது தெரிந்தது. அம்மா கடைசி வரை தலையை ஆட்டிக்கொண்டே வந்தார்.

மறுநாள் யூர்கனுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினேன், இந்த முறை அகராதி இல்லாமல். திட்டியது எல்லோர் முன்னிலையிலும் என்பதால் மன்னிப்பையும் கடிதக் குழுவிலேயே கேட்டேன். மைக்குக்குக் கீழே துண்டை நாலாக மடித்து வைத்தேன். பச்சை எரிந்தது. பதிப்பு வெளிவந்தது. யூர்கன் பதில் போட்டார். ‘ஒரு விதத்தில் நீங்கள் சொன்னது சரிதான். என் மாற்றம்தான் காரணம். எங்கள் நாட்டில் வீட்டுக்குள் பல்லி இல்லாததால் இந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை. வருந்துகிறேன்.’ இவரையா திட்டினோம் என்று இருந்தது. அந்தத் திட்டத்தில் இன்றைக்கும், வீட்டுச் சத்தத்தால் ஒரு சோதனை தோற்றுப்போனால் அதற்கு ‘பஜ்ஜி’ என்று பெயர். கொரியாவிலும் போலந்திலும் இருக்கிறவர்கள் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு ‘இன்று இரண்டு பஜ்ஜி’ என்று எழுதுகிறார்கள். வெளிநாட்டுக் கம்பெனி எதுவும் என்னைக் கூப்பிடவில்லை. ஹேமாவின் கம்பெனி கூப்பிட்டது. நேர்முகத் தேர்வில் என்னை ஏதாவது கேட்பதற்கு முன்னால் ஒருவர், “எடுத்தா எடுத்ததுதானா சார்?” என்று கேட்டார்.

இப்போது எல்லோரும் சென்னையில் ஒரே வீட்டில் இருக்கிறோம். அம்மாவுக்குப் பேச ஆள் குறைவில்லை. மாமனார் மாதத்தில் பாதி நாள் எங்களோடுதான். போன வாரம் அம்மா மாடி வீட்டுக்காரர்களின் புது மருமகளைப் பற்றி ரகசியமாக ஏதோ ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஸ்டெபிலைசர் ‘டிக் டிக்’ என்றது. அம்மா பாதி வாக்கியத்தில் வாயை மூடிக்கொண்டார். பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த நைனா தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:

“சொல்லு சொல்லு. ஜெர்மன்காரரு லைன்ல கீறாரு.”